சுக்கான் போய்ப் பதினோரு நாள் ஆகிறது, அப்பாவிடம் சொல்லலாமா வேண்டாமா?

அக்காள்மடத்துப் பொண்ணு:

எங்கே கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில், கடற்கரையை ஒட்டி. அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வல்லம் (நாட்டுப் படகு), நண்டு வலைத் தொழில். நான் மதுரையில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன், தம்பி குவைத்தில் இருக்கிறான். வீட்டில் அப்பா, அம்மா, அப்புறம் சுக்கான். எங்கள் நாய். இருந்தான் என்று எழுத வேண்டும், கை வரமாட்டேன் என்கிறது.

2017இல் வல்லத்தைக் கரையேற்றிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தவன். வல்லத்தைத் திருப்புகிற சுக்கானைக் கழற்றி நிழலில் வைத்திருந்தார்கள், அதன் மேலே ஒரு செவலைக் குட்டி சுருண்டு படுத்திருந்தது. தம்பி டைகர் என்று பெயர் வைக்கப் பார்த்தான், எடுபடவில்லை. “சுக்கான் மேல படுத்திருக்கான், சுக்கான்னே கூப்பிடு” என்று அப்பா சொல்லிவிட்டார். வளர்ந்த பிறகு பார்த்தால் வாலும் அதற்கேற்ற மாதிரிதான். ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் ஓடுவான், திரும்பும்போது வால்தான் முதலில் திரும்பும்.

எங்கள் கரையில் முப்பது நாற்பது வல்லம் இருக்கும், எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே எஞ்சின்தான். அப்பாவின் எஞ்சின் சத்தம் எனக்கு இன்றுவரைக்கும் பிரித்துத் தெரியாது, அவனுக்குத் தெரியும். படுத்திருந்தவன் எழுந்து காதைத் தூக்கினால் அம்மா உலை வைத்துவிடுவாள், கொஞ்ச நேரத்தில் வல்லம் கண்ணுக்குத் தெரியும். அம்மாவுக்குக் கடிகாரமே அவன்தான்.

நான் லீவில் வந்த மறுநாள் காலை நடந்தது. அப்பா கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார், ஸ்டேட்டஸ் போடலாமென்று நான் வீடியோ எடுத்தேன். அன்றைக்கு நண்டோடு பேத்தை நிறைய ஏறியிருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பேத்தை என்பது தொட்டால் பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும் மீன். கிளி மூக்கு மாதிரிப் பல் இருக்கும், வலையைக் கடித்து அறுத்துவிடும். விஷம் என்பதால் எங்கள் வீட்டில் அதைச் சட்டிக்குக் கொண்டுவருவதே இல்லை. உப்பினபடியே கண்ணியில் மாட்டிக்கொண்டால் உருவ வராது, இழுத்தால் வலை கிழியும். அப்பா கத்தியால் அதன் வயிற்றைக் கிழித்து, காற்றை எடுத்துவிட்டு, உருவித் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கம் போட்டுக்கொண்டே இருந்தார். எப்போதும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இந்தச் சங்காயத்தையெல்லாம், அதாவது விற்காத கழிவு மீனையெல்லாம், கூடையில் வாங்கிக்கொண்டு போய்க் கடலில் கொட்டிவிடுவாள். அன்றைக்கு நான் வந்திருக்கிறேன் என்று இடியாப்பம் பிழிய வீட்டுக்குப் போயிருந்தாள்.

நாங்கள் சாப்பிட்டு முடிக்கவில்லை, சுக்கான் வாந்தி எடுத்தான். அப்புறம் பின்னங்கால் இழுத்தது, கொஞ்ச நேரத்தில் முன்னங்காலும். வாயில் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது, எங்களைப் பார்த்தான், தலையைத் தூக்க முடியவில்லை. முள் மாட்டியிருக்கிறதோ என்று அப்பா வாய்க்குள் கையை விட்டுத் தேடினார். ஆட்டோ பிடித்து ராமநாதபுரம் போகலாமென்று கிளம்பினோம், பாம்பன் பாலத்தில் பாதி தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. ஆட்டோக்காரர் அண்ணன் ஓரமாக நிறுத்தினார். பாலத்துக்காற்று தெரியும் அல்லவா, அவனுடைய ஒரு காது காற்றில் புரண்டு புரண்டு வந்தது, அப்பா அதை மடித்து மடித்து வைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் காட்சி என்னை விட்டுப் போகவில்லை.

பின்னங்கால் இழுத்தது என்றதும் ஊரே பாம்பு என்று சொல்லிவிட்டது, கட்டுவிரியனாக இருக்கும் என்றார்கள். அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். மறுநாளே அரிவாளை எடுத்துக்கொண்டு வேலியோரம் இருந்த உடைமரப் புதரையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டார். கையெல்லாம் முள் கிழித்த காயம்.

மூன்றாவது நாள் ராத்திரி தூக்கம் வராமல், அவன் குரலையாவது கேட்கலாமென்று அந்த வீடியோவைப் போட்டேன். ஒரு நிமிஷம் பன்னிரண்டு வினாடி. நான் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஓரத்தில், ஐம்பதாவது வினாடிக்குமேல், சுக்கான் வருகிறான். அப்பா பின்னால் போட்டதில் ஒன்றை முகர்ந்து பார்க்கிறான், வாயில் எடுக்கிறான், வல்லத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறான். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான், என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

அப்பா இன்னும் கடலுக்குப் போகவில்லை. சாப்பிடும்போது கடைசி உருண்டையைத் தட்டில் ஒதுக்குகிறார், அப்புறம் எங்களைப் பார்த்துவிட்டு அதையும் சாப்பிட்டுவிடுகிறார். வல்லத்தின் அடியில் அவன் சூட்டுக்குப் பறித்து வைத்த குழி இருக்கிறது, அம்மா கரை முழுக்கப் பெருக்குகிறாள், அதை மட்டும் தொடுவதில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அவனைப் புதைத்த இடத்தில் மெழுகுவத்தி வைத்தால் தப்பா என்று என்னிடம் கேட்கிறாள். நான் லீவை நீட்டித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வீடியோவைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா உடைந்துபோவார், சொல்லாவிட்டால் நான் அவரை ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறது. இதில் தம்பி வேறு, அன்று காலை வீடியோ எடுத்தேன் என்று நான் உளறி வைத்ததால், அனுப்பு அனுப்பு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். என்ன செய்வது? அழித்துவிடலாமா?

*

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:

திருவாடானைப் பக்கம், 30 வருஷ சர்வீஸ். அம்மா, முதலில் ஒரு அவசரமான விஷயம், மற்றதெல்லாம் அப்புறம்.

எச்சில் வழிந்து, கால் இழுத்து, நாய் செத்துப்போயிருக்கிறது, உங்கள் அப்பா அதன் வாய்க்குள் கையை விட்டிருக்கிறார். வலை பிரிக்கிற கையில் எப்போதும் வெட்டுக்காயம் இருக்கும். வெறிநோயிலும் ஒரு வகை இப்படித்தான் அமைதியாகக் கால் இழுத்துக்கொண்டு வரும். நீங்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கும் பேத்தை என்றுதான் தோன்றுகிறது, ஆனால் நாயைப் பரிசோதிக்காமல் உறுதி சொல்ல யாராலும் முடியாது. சுக்கானுக்கு வருஷா வருஷம் தடுப்பூசி போட்டீர்களா? போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்பாவை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொல்லுங்கள். ஊசி இலவசம், தோலில் போடுவது என்றால் முதல் நாள், 3, 7, 28 என்று நான்கு தடவை. பதினோரு நாள் ஆகிவிட்டதே என்று விடாதீர்கள். நோய் வந்துவிட்டால் அதற்கு மருந்து கிடையாது.

இனி பேத்தை. அதன் ஈரலிலும் சினையிலும்தான் விஷம் அதிகம், தோலிலும் குடலிலும் உண்டு, வேகவைத்தாலும் போகாது. முழு மீனைப் பல நாய்கள் முகர்ந்துவிட்டு விட்டுவிடும். வயிறு கிழிந்து ஈரல் வெளியே தெரிந்தால் கதை வேறு. முதலில் வாந்தி, தள்ளாட்டம், அப்புறம் கைகால் செயலிழந்து, கடைசியில் மூச்சு இழுக்கும் தசையே நின்றுபோகும். முறிவு மருந்து இல்லை. விஷம் இறங்கும்வரை செயற்கையாக மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிழைக்க வாய்ப்புண்டு, அந்த வசதி நாய்க்கு நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது? ராமநாதபுரம் போய்ச் சேர்ந்திருந்தாலும் என்னைப் போல ஒருவன் குளுக்கோஸ் ஏற்றிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பான். அரை மணி முன்னால் கிளம்பியிருக்கலாமோ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

கண் திறந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த விஷம் உடம்பைக் கட்டிப்போடும், நினைவை அவ்வளவு சீக்கிரம் எடுக்காது. நீங்கள் பக்கத்தில் இருந்தது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

என் கருத்து: சொல்லிவிடுங்கள். உங்கள் கரையில் இன்னும் எத்தனை நாய், எத்தனை குழந்தை. பாம்பு என்று எல்லோரும் புதரை வெட்டிக்கொண்டிருந்தால் அடுத்த வாரமும் பேத்தை மணலில்தான் கிடக்கும். அப்புறம் பொதுவாக எல்லோருக்கும், கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

*

தொண்டிக்கரையான்:

திட்டுவதென்றால் திட்டுங்கள். என் அண்ணன் கடலில் போனான், இரண்டு நாள் கழித்துத்தான் கரை ஒதுங்கினான். மூன்றாம் நாள் சோறு தின்றோம், பதினைந்தாம் நாள் வலையை எடுத்தோம், வேறு வழி? உங்கள் அப்பா பதினோரு நாள் கடலுக்குப் போகவில்லை என்றால் பதினோரு நாள் எண்ணெய்க் கடனும் வலைக் கடனும் ஏறியிருக்கும். நாய் நல்ல நாய்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆளே போகிற ஊரில் நாய்க்கு இவ்வளவா என்று கேட்கிறேன்.

வீடியோவை அழித்துவிட்டு அப்பாவை வல்லத்தில் ஏற்றிவிடுங்கள். தண்ணீரில் இறங்கினால் சரியாகிவிடும்.

*

கீழக்கரைக்காரி:

தங்கச்சி, படித்துவிட்டு அழுதேன். எங்கள் வீட்டில் நாயை உள்ளே விடமாட்டார்கள், மாமியார் தொழுகிற வீடு. வாசல் திண்ணைக்கு வெளியேதான் அவன் இடம், தட்டும் தனி. அதனால் பாசம் குறைந்ததென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மழை பெய்தால் மாமியார்தான் முதலில் சாக்கை எடுத்துக்கொண்டு போய்ப் போர்த்துவார், எங்களைப் பார்த்தால் “சாக்கு நனையுது, அதான்” என்பார்.

போன வருஷம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கார் அவனை அடித்துப் போட்டுவிட்டது. என் மகனுக்கு அப்போது ஆறு வயது. பிள்ளை தாங்கமாட்டான் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து, நாய் வேறு ஊருக்கு ஓடிப்போய்விட்டான் என்று சொல்லிவிட்டோம். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தோம். நடந்தது என்ன தெரியுமா? பிள்ளை மூன்று மாசம் அவனைத் தேடினான். பெரியபட்டினம் போனாலும் ஏர்வாடி போனாலும் பஸ் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாயாகப் பார்த்தான். ராத்திரி திண்ணையில் சோறு வைத்தான், காலையில் காகம் தின்று தட்டு காலியாக இருந்தால் வந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று சந்தோஷப்பட்டான். அப்புறம் ஒருநாள், நான் அடித்ததால்தான் ஓடிப்போனானா என்று கேட்டான். எப்போதோ ஒருநாள் வாலைப் பிடித்து இழுத்துக் குச்சியால் ஒன்று போட்டிருக்கிறான். அதை மூன்று மாசமாக மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அன்றைக்கே உண்மையைச் சொன்னேன். ஒரு ராத்திரி முழுக்க அழுதான், மறுநாள் தேடவில்லை.

உங்கள் அப்பா புதரை வெட்டுகிறாரே, அது என் மகன் பஸ்ஸில் தேடின மாதிரிதான் எனக்குப் படுகிறது. வெட்டி முடித்தபிறகு என்ன செய்வார்? சொல்லலாம், ஆனால் வீடியோவைக் காட்டாதீர்கள். வாயால் சொல்வது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. மெழுகுவத்திக்கு உங்கள் ஃபாதரிடம் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, அம்மா வைக்கட்டும்.

*

பரமக்குடி வாத்தியார்:

தொண்டிக்கரையானுக்கு ஒரு வார்த்தை. அண்ணனைப் பறிகொடுத்தவரிடம் வாதம் செய்ய வரவில்லை. ஆனால் நாய்க்கு இவ்வளவா என்று கேட்டதால் சொல்கிறேன்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏறத்தாழ 1400 வருஷத்துக்கு முன்னால் வைத்தது. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அதில் அவன் பக்கத்திலேயே அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதற்குப் பெயர். அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். உளியால் ஒரு எழுத்து வெட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாய்தானே என்று அன்றைக்கும் ஒருவர் சொல்லியிருப்பார், இருந்தாலும் வெட்டியிருக்கிறார்கள்.

பொண்ணு, உன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வீடியோவை அழிக்காதே, அது மட்டும் சொல்வேன். அவன் ஓடுகிற மாதிரி ஓடுவதற்கு உங்களிடம் வேறு எதுவும் இல்லை.

*

மூக்கையூர் ஆட்டோ:

வாத்தியார் சொன்ன மாதிரி அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் விடிகாலை நாலு மணிக்கு வண்டியை ரிவர்ஸ் எடுத்தேன், பின் சக்கரத்தின் அடியில் எங்கள் நாய் படுத்திருந்தது. பனிக்குச் சூடாக இருக்குமென்று எஞ்சின் பக்கம் வந்து படுக்கும், எனக்குத் தெரியும், எப்போதும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். அன்றைக்குப் பார்க்கவில்லை. வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு தூக்கிப் போய் ரோட்டோரம் போட்டுவிட்டு, லாரி அடித்துவிட்டது என்று காலையில் வந்து சொன்னேன்.

என் வீட்டுக்காரி ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொல்வேன் என்று அவள் காத்திருந்தாளா, என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தாளா, தெரியாது. நாலு வருஷம் கழித்து, பணத்துக்காக ஒரு சண்டை, என்னவோ பேசிக்கொண்டிருந்தவள், “நாயைக் கொன்னுட்டு லாரின்னு சொன்ன ஆளுதானே நீ” என்றாள். அந்த நாலு வருஷமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் என்னை அடித்துப் போட்டது. நாய் செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை.

சொல், சொல்லாதே என்று நான் எதுவும் சொல்லவில்லை. சொல்வதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு தங்கச்சி. வைத்துக்கொண்டே இருந்தால் வேண்டாத நேரத்தில் அதுவாக வெளியே வரும்.

இன்னொன்று, யாராவது ஆறுதலுக்கு என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் இப்போது வாங்காதீர்கள். மச்சான் எனக்கு ஒரே வாரத்தில் ஒரு சிப்பிப்பாறைக் குட்டி கொண்டுவந்து கொடுத்தான். நல்ல குட்டி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வந்தது, பாவம் அதற்கு என்ன தெரியும். கடைசியில் சாயல்குடியில் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்.

*

அக்காள்மடத்துப் பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. ஆய்வாளர் ஐயா, தடுப்பூசி போன வருஷம் போட்டது, இந்த வருஷம் விட்டுப்போயிருக்கிறது. இன்று காலை அப்பாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்றார், அம்மா அழுததும் வந்தார். முதல் ஊசி போட்டாயிற்று. நர்ஸ் எதற்கு என்று கேட்டபோது “நாய் வாயில கைய விட்டேன்” என்று மட்டும் சொன்னார். கடித்ததா என்று கேட்டார்கள். “அவன் கடிக்க மாட்டான்” என்றார்.

திரும்பி வரும்போது சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆட்டோவில் வாயைத் திறந்தேன், பாலம் வந்துவிட்டது. முடியவில்லை.

தொண்டிக்கரையான் அண்ணன், உங்கள் மேல் கோபம் இல்லை. எங்கள் தெருவிலும் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், நீங்கள் நேராகச் சொன்னீர்கள். கடன் விஷயம் நிஜம்தான்.

*

தொண்டிக்கரையான்:

ஊசி போட்டது நல்லது. விடாமல் நாலையும் போடுங்கள்.

வாத்தியார் எழுதியதைப் படித்த பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் அண்ணனிடமும் ஒரு நாய் இருந்தது, கறுப்பு. அண்ணன் போன பிறகு அது என்ன ஆனதென்று நாங்கள் யாருமே பார்க்கவில்லை. நேற்று அம்மாவிடம் கேட்டேன், அம்மாவுக்கும் தெரியவில்லை.

*

அக்காள்மடத்துப் பொண்ணு:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். இங்கே சொல்லிவிட்டுத்தான் மதுரைக்குக் கிளம்ப வேண்டும் என்று தோன்றியது.

வியாழக்கிழமை விடிகாலை அப்பா படுக்கையில் இல்லை. கடலுக்குப் போய்விட்டாரோ என்று ஓடினேன், வல்லம் கரையிலேயே நின்றது. கொஞ்சம் தள்ளி, மற்றவர்கள் வலை பிரிக்கிற இடத்தில், ஒரு சிமெண்டுச் சாக்கை வைத்துக்கொண்டு குனிந்து நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். சாக்கு முழுக்கப் பேத்தை. ஒவ்வொரு வலையாகப் போய் மணலில் கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கரைக்கு மேலே, பனைமரத்தின் அடியில் இடுப்பளவு குழி, பாதி நிறைந்து மேலே சுண்ணாம்பு போட்டிருந்தது. ஒரு நாள் வேலை இல்லை அது. நான் இங்கே கேள்வி எழுதுவதற்கு முன்னாலிருந்தே செய்துகொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

“எப்பப்பா தெரியும்?” என்று கேட்டேன்.

“வாந்தியில கெடந்துச்சே” என்றார். அன்றைக்கே, அந்த வாந்தியின் மேல் அவர்தான் மண்ணை அள்ளிப் போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் ஏன் பாம்பு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னார், “ஒங்கம்மா கூடைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா இது நடந்திருக்காது. அவளுக்கு அது தோணிருச்சுன்னா அம்புட்டுத்தான், காலத்துக்கும் இடியாப்பம் பிழிய மாட்டா. பாம்புன்னா பாம்பு, யார் மேலயும் இல்லை.” தான் கிழித்துப் போட்டதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சாக்கின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டேன், இரண்டு பேருமாகத் தூக்கிப் போய்க் குழியில் கொட்டினோம். அவர் கையில் முள் காயம் ஆறி வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பூசைக்குப் போனபிறகு, திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், “அன்னிக்கு எடுத்தியாம்ல, ஒந்தம்பி சொன்னான், அதைப் போடு” என்றார். வேண்டாம்பா என்றேன். போடு என்றார். கீழக்கரை அக்கா, நீங்கள் சொன்னது ஞாபகம் இருந்தது, அதனால் நாற்பதாவது வினாடி வந்ததும் நிறுத்தப் போனேன். கையைத் தட்டிவிட்டார். முழுசும் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார். மூன்றாவது தடவை, அவன் மீனை எடுத்துக்கொண்டு வல்லத்தைச் சுற்றித் திரும்புகிற இடத்தில் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“வாலைப் பாரு” என்றார். “முதல்ல வாலுதான் திரும்புது.”

அப்புறம் தம்பிக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பட்டுமா, கடைசியை வெட்டிவிட்டு அனுப்பட்டுமா என்று கேட்டேன், அப்படியே அனுப்பு என்றார்.

அம்மாவிடம் இன்னும் பாம்புதான். அது எத்தனை நாளைக்கோ, மூக்கையூர் அண்ணன் எழுதியதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்ல வேண்டியது அப்பா. நவம்பர் 2க்கு இரண்டு மெழுகுவத்தி வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். காற்று குறைந்திருக்கிறது என்று அப்பா இன்று மூன்று மணிக்கு வல்லத்தை எடுத்துவிட்டார், போகும்போது கூடையைக் கரையில் அம்மா உட்காரும் இடத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் பஸ்ஸுக்குப் பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மா ரெண்டு தடவை வாசலுக்கு வந்து கடலைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள், உலை எப்போது வைப்பதென்று தெரியவில்லை. தம்பிக்கு அனுப்பிய வீடியோவில் இன்னும் ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது.